எவரெஸ்ட் அடிவாரம் போக டாப்-அப் கடனா?

கேள்வி: வயது 37. சிறுசேரியில் தனியார் வேலை, கைக்கு வரும் சம்பளம் 88,000 ரூபாய். மனைவி, ஒரு பெண் குழந்தை. வரும் அக்டோபரில் எவரெஸ்ட் அடிவார முகாம் வரை ஒரு குழுவோடு நடைப்பயணம் போக ஆசை. காத்மாண்டுவில் தொடங்கி காத்மாண்டுவில் முடிய ஆளுக்கு 78,000 ரூபாய் கேட்கிறார்கள். தங்கை மாப்பிள்ளையும் வருகிறார். "உங்க லோன்லயே போட்டுடுங்க மச்சான், மாசாமாசம் தந்துடறேன்" என்கிறார். இரண்டு பேருக்கும் சேர்த்து 4 லட்சம் தேவை. மூன்று வருடம் முன்பு வாங்கிய 5 லட்சம் தனிநபர் கடனை ஒருமுறை 6 லட்சமாக டாப்-அப் செய்தேன். அந்தப் பணம் மாப்பிள்ளையின் டிராவல்ஸ் வண்டிக்குப் போனது. இப்போது 8.8 லட்சம் தருவதாக வங்கியில் இருந்து போன். வட்டி அதே 14 சதவீதம், தவணை 20,500 வரும். ஆளுக்கு 2 லட்சம் போதுமா? மாதம் 4,000 போகும் எஸ்.ஐ.பி.யை நிறுத்தலாமா?
— பெயர் வேண்டாம், மேடவாக்கம்

பதில்: அவசர நிதி, டேர்ம் பாலிசி என்று அரிச்சுவடி சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்கப் போவதில்லை. உங்கள் கடிதத்தோடு வந்த கணக்குத் தாளைப் பார்த்தாலே அதெல்லாம் தெரிந்தவர் என்பது புரிகிறது. மலை ஆசையிலும் தப்பில்லை. தப்பு அந்த டாப்-அப்பில், அதாவது பழைய பாக்கியையும் சேர்த்துப் பெரிய புதுக் கடனாக மாற்றிக்கொள்வதில் இருக்கிறது. இது மூன்றாவது சுற்று.

தோராயமாகப் போட்டுப் பார்ப்போம். 5 லட்சம், 14 சதவீதம், ஐந்து வருடம் என்றால் தவணை சுமார் 11,630. பதினெட்டு மாதத்தில் 2.09 லட்சம் கட்டினீர்கள். அதில் அசலில் கழிந்தது 1.15 லட்சம்தான், மீதி வட்டி. அப்போது பாக்கி 3.85 லட்சம். அந்த இடத்தில் 6 லட்சமாக ஏற்றினீர்கள். பழைய பாக்கியும் கட்டணமும் போக கைக்கு வந்தது ஏறத்தாழ 2 லட்சம். புதிதாக ஐந்து வருடம், தவணை 13,960. அதிலும் பதினெட்டு மாதம் போய்விட்டது, 2.51 லட்சம் கட்டியாயிற்று. ஆக மூன்று வருடத்தில் நீங்கள் கட்டியது 4.60 லட்சம், இன்றைய பாக்கி 4.61 லட்சம்.

வங்கி உங்களை ஏமாற்றவில்லை. கடனின் முதல் பாதியில் வட்டி அதிகம், அசல் குறைவாகக் கரையும். அசல் வேகமாகக் கரைய ஆரம்பிக்கும் நேரம் பார்த்து போன் வருகிறது, நீங்கள் மறுபடி முதல் மாதத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறீர்கள். "ப்ரீ அப்ரூவ்டு" என்றால் உங்களால் தாங்க முடியும் என்று யாரோ கணக்குப் பார்த்துச் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒழுங்காகக் கட்டுகிற ஆளை விட மனசில்லை, அவ்வளவுதான்.

இப்போது 8.8 லட்சம். கட்டணம் 2 சதவீதம் என்று வைத்து, அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 20,800. அது மொத்தக் கடனுக்கும் போடப்படுவது, புதிதாகக் கேட்கும் 4 லட்சத்துக்கு மட்டும் அல்ல. பாக்கியும் கட்டணமும் போக கைக்கு வருவது 4 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. டாப்-அப் செய்யாவிட்டால் நீங்கள் இனி கட்ட வேண்டியது 42 தவணை, மொத்தம் 5.86 லட்சம். செய்தால் 60 தவணை, 12.28 லட்சம். 4 லட்சத்தைக் கையில் வாங்க 6.42 லட்சம் கட்டுகிறீர்கள். குழந்தை ஐந்தாம் வகுப்புக்குப் போகும்போதும் இந்த மலைக்குத் தவணை கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

இன்னொரு விஷயம், இது பணத்தைவிட முக்கியம். விமானத்தில் இறங்கி நடக்க ஆரம்பிக்கும் லுக்லா 2,860 மீட்டர், நாம்சே பஜார் 3,440, திங்போச்சே 4,410, கோரக்‌ஷேப் 5,164, அடிவார முகாம் 5,364. கடல் மட்டத்தில் வாழும் நமக்கு நாம்சேயைத் தாண்டியதுமே தலைவலி, வாந்தி வரலாம். முற்றினால் இறங்குவது ஒன்றுதான் உண்மையான வைத்தியம். கடன் வாங்கிப் போனவருக்கு இறங்க மனசு வராது. "இவ்வளவு செலவு பண்ணிட்டு" என்று இன்னொரு நாள் பார்ப்பார். திங்போச்சேயிலிருந்து நீங்கள் இறங்கிவிட்டாலும் இ.எம்.ஐ. இறங்காது. சொந்தக் காசில் போனவர் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பி வருவார்.

சரி, ஆளுக்கு 2 லட்சம் போதுமா? போதும். ஆனால் உங்கள் தாளில் புது உடை, பை, கருவிகளுக்கு 60,000 ஒதுக்கியிருக்கிறீர்கள். காப்பீட்டுக்கு ஒன்றுமில்லை, கையிருப்புக்கும் ஒன்றுமில்லை. நான் போட்டால் இப்படி வரும்.

நிறுவனத்துக்கு 78,000, அதற்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. 3,900. இந்திய நிறுவனம் என்றால் வெளிநாட்டுப் பயணத் தொகுப்புக்கு டி.சி.எஸ். (விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். 2025-26 நிதியாண்டில் 10 லட்சம் வரை 5 சதவீதம் என்ற கணக்கில் சுமார் 4,100. பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் இந்த விகிதம் மாறுவதால் பணம் கட்டும் நாளில் மறுபடி கேளுங்கள். இது செலவில்லை. உங்கள் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் வந்துவிடும், ரிட்டர்ன் போடும்போது கழித்துக்கொள்ளலாம். பலர் மறந்துவிடுகிறார்கள்.

டெல்லி வழியாகச் சென்னை–காத்மாண்டு போக வர 28,000. சென்னை–டெல்லி, டெல்லி–காத்மாண்டு இரண்டையும் ஒரே பி.என்.ஆரில் (முன்பதிவு எண்ணில்) எடுங்கள். தனித்தனியாக எடுத்தால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் பணம் உங்கள் தலையில். மலையேற்றக் காப்பீடு 6,000. வழிச் செலவு 12,000. வழிகாட்டி, சுமைதூக்கிகளுக்கு அன்பளிப்பு 8,000. காத்மாண்டுவில் முன்னும் பின்னும் தங்க, சாப்பிட 8,000. டாக்டர், பரிசோதனை, மருந்து 3,000. உடை, கருவிக்கு 14,000 போதும். மொத்தம் 1.65 லட்சம். இதற்கு மேல் 35,000 தொடாத கையிருப்பு.

உடைக்கு ஏன் அவ்வளவு குறைவு என்றால், காத்மாண்டு தாமேலில் டவுன் ஜாக்கெட், தூக்கப்பை எல்லாம் நாள் வாடகைக்குக் கிடைக்கும். சென்னையில் அந்த ஜாக்கெட்டை வாங்கி அப்புறம் எங்கே போடப் போகிறீர்கள், ஏ.சி. ரூமிலா? பூட்ஸ் மட்டும் இங்கேயே, மூன்று மாதம் முன்பே வாங்கிப் பழக்குங்கள். புது பூட்ஸோடு லுக்லாவில் இறங்கினால் மூன்றாம் நாளே குதிகால் உரிந்துவிடும். லுக்லா விமானத்தில் ஆளுக்கு 15 கிலோதான் என்பதையும் மறக்காதீர்கள். ஆறு மாத ஜிம் பேக்கேஜும் தாளில் இருக்கிறது, அதை அடியுங்கள். முதுகில் எட்டு கிலோவோடு பரங்கிமலைப் படியை வாரம் மூன்று நாள் ஏறி இறங்கினால் போதும், அதற்குப் பைசா செலவில்லை.

வழிச் செலவு என்றேனே, அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். தொகுப்பில் தங்குமிடமும் சாப்பாடும் உண்டு. பாட்டில் தண்ணீர், சுடுநீர்க் குளியல், போன் சார்ஜ், வைஃபை எல்லாம் தனி. மேலே போகப் போக விலை ஏறும், ஏனென்றால் எல்லாம் ஆள் முதுகிலும் மாட்டின் முதுகிலும் வருகிறது. தண்ணீர் சுத்திகரிக்கும் மாத்திரையும் ஒரு பவர் பேங்க்கும் கொண்டுபோனால் இதில் பாதி மிச்சம். நாம்சேக்கு மேல் ஏ.டி.எம்.மை நம்பாதீர்கள், காத்மாண்டுவிலேயே நேபாள ரூபாயாக மாற்றிக்கொள்ளுங்கள். 1993 முதல் 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என்று நிலையாக இருக்கிறது. அதனால் டாலர் ஏறினாலும் உங்கள் டீ விலை ஏறாது. நேபாளப் பயணத்துக்கென்று தி.நகரில் டாலர் வாங்கப் போகாதீர்கள். ஃபெமா (அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம்) விதிப்படி நேபாளம், பூட்டான் பயணத்துக்கு அந்நியச் செலாவணி எடுக்க அனுமதி இல்லை. காத்மாண்டு நிறுவனம் டாலரில் விலை சொன்னால் இந்திய ரூபாயில் கேளுங்கள். சாகர்மாதா தேசியப் பூங்கா நுழைவுக்கு இந்தியா உள்ளிட்ட சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவருக்கு 1,500 நேபாள ரூபாயும் 13 சதவீத மதிப்புக் கூட்டு வரியும்தான், மற்ற வெளிநாட்டவருக்கு அதைப்போல் இரு மடங்கு. இந்தியர் கட்டணத்தைத்தான் போட்டிருக்கிறார்களா என்று பிரித்துக் கேளுங்கள்.

35,000 கையிருப்பு லுக்லாவுக்காக. மேகம் இறங்கினால் விமானம் பறக்காது, ஒரு நாளும் ஆகலாம், மூன்று நாளும் ஆகலாம். அக்டோபர் நெரிசலில் விமானங்கள் பலவும் காத்மாண்டுவிலிருந்து கிளம்பாமல் ராமேசாப்பிலிருந்து கிளம்பும். நள்ளிரவில் எழுந்து நான்கைந்து மணி நேரம் வண்டியில் போக வேண்டும். திரும்பும்போது மாட்டிக்கொண்டால் ஹெலிகாப்டரில் பங்கு இருக்கைக்கு இந்தப் பணம் கரையும். அதனால் பயணத்தின் கடைசியில் இரண்டு நாள் காலியாக விட்டு ஊர் டிக்கெட் போடுங்கள்.

நோய்வாய்ப்பட்டு ஹெலிகாப்டரில் இறக்குவது வேறு கதை, இரண்டரை லட்சத்துக்கு மேல் போகும். அலுவலகக் குழு மெடிக்ளெய்ம் பெரும்பாலும் நாட்டுக்கு வெளியே உதவாது. சாதாரணப் பயண பாலிசியில் சாகசமும் உயரமும் விலக்குப் பட்டியலில் இருக்கும். "6,000 மீட்டர் வரை நடைப்பயணம், ஹெலிகாப்டர் மீட்பு இரண்டும் உண்டா" என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஹெலிகாப்டரில் ஏறும் முன் காப்பீட்டு நிறுவனத்துக்கு போன் போட்டு அனுமதி வாங்க வேண்டும், இல்லையென்றால் கிளெய்ம் இழுக்கும். தேவையில்லாமல் ஹெலிகாப்டரில் ஏற்றிக் கமிஷன் பார்த்த விவகாரம் பெரிதாகி, 2018ல் நேபாள அரசே விசாரித்தது. அதிலிருந்து காப்பீட்டாளர்கள் கறாராக இருக்கிறார்கள்.

78,000 என்ற விலையில் நாம்சேயிலும் திங்போச்சேயிலும் ஒவ்வொரு ஓய்வு நாள் இருக்கிறதா பாருங்கள். 3,000 மீட்டருக்கு மேல் ஒரு இரவுக்கும் அடுத்த இரவுக்கும் 500 மீட்டருக்கு மேல் ஏறக்கூடாது என்பது பொது விதி. ஓய்வு நாளை வெட்டி விலையைக் குறைத்திருந்தால் அந்தத் தொகுப்பு வேண்டாம். அதே நிறுவனம் காட்டும் "இப்போது போ, பிறகு கட்டு", "ஜீரோ காஸ்ட் இ.எம்.ஐ." இரண்டையும் தாண்டிப் போங்கள். ஜீரோ சதவீத வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013லேயே சொல்லியாயிற்று. முழுத் தொகைக்குத் தரும் தள்ளுபடியை அங்கே இழப்பீர்கள். கார்டு இ.எம்.ஐ. என்றால் வட்டி மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. வேறு.

இனி மாப்பிள்ளை. இதை எழுதத் தயங்கித்தான் கடைசியில் வைத்தேன். வண்டிக்குக் கொடுத்த 2 லட்சத்தில் இதுவரை ஒரு ரூபாய் திரும்பவில்லை. வண்டி டியூ குறைகிற மாதமெல்லாம் 5,000 கைமாத்து வேறு போகிறது, உங்கள் தாளில் கடந்த பதினோரு மாதத்தில் ஒன்பது முறை. அதற்குப் பெயர் கைமாத்து இல்லை, சம்பளம். தங்கைக்குச் செய்வதாக நினைக்கிறீர்கள். தங்கைக்குச் செய்ய வேண்டுமானால் அவர் கணக்கிலோ, பிள்ளையின் பள்ளியிலோ நேரே கட்டுங்கள். கடன் உங்கள் பெயரில் இருக்கிறது, ஒரு தவணை தவறினால் சிபில் மதிப்பெண் இறங்குவது உங்களுக்கு, மாப்பிள்ளைக்கு இல்லை.

சண்டை வேண்டாம். "மாப்பிள்ளை, என் லோன்ல இனி இடமில்ல. நான் மாசம் பத்தாயிரம் ஆர்.டி. போடறேன், நீங்களும் உங்க பேர்ல போடுங்க. அடுத்த வருஷம் சேர்ந்தே போலாம்" என்று சொல்லுங்கள். தங்கை பக்கத்தில் இருக்கும்போது சொன்னால் நல்லது. போட்டால் வருவார், போடாவிட்டால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து? கைமாத்து 5,000 நின்றது, மாதக் கடைசியில் மிஞ்சுவதாக நீங்கள் எழுதிய 9,000ல் 5,000. வரும் ஏப்ரலிலிருந்து அடுத்த வருட செப்டம்பர் வரை 18 மாதம். ஒரே ஆர்.டி.யாகப் போடாதீர்கள். விமான டிக்கெட்டையும் முன்பணத்தையும் ஜூலைக்குள் கட்ட வேண்டும், நிறுவனத்தின் மீதிப் பணம் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு. அதனால் 4,000 ரூபாய்க்கு 14 மாதம் ஒன்று, 6,000 ரூபாய்க்கு 17 மாதம் இன்னொன்று. முதிர்ந்தபின் மிஞ்சும் மாதங்களின் பணத்தைச் சேமிப்புக் கணக்கில் தள்ளுங்கள். போட்டது 1.8 லட்சம், வட்டி ஏழாயிரம் போல. இந்த ஆண்டு போனஸிலிருந்து 15,000 சேர்த்தால் 2 லட்சம் தாண்டும்.

14 சதவீதக் கடனை வைத்துக்கொண்டு ஆறரை சதவீத ஆர்.டி.யா என்று கணக்குத் தெரிந்தவர் கேட்பார். நியாயம். கிட்டத்தட்ட 9,000, 10,000 நஷ்டம். ஆனால் அந்தப் பணத்தைக் கடனில் கட்டினால் அதைத் திரும்ப எடுக்க ஒரே வழி டாப்-அப். அந்தக் கதவை மூடத்தான் இந்தச் செலவு.

எஸ்.ஐ.பி.யை மலைக்காக நிறுத்த வேண்டாம், கடனுக்காக நிறுத்துங்கள். இப்போதைய 13,960 தவணையோடு அந்த 4,000 ரூபாயையும் அசலில் சேர்த்தால் 42 மாதம் 31 ஆகும், வட்டியில் சுமார் 35,000 மிச்சம். பகுதி முன்செலுத்தலுக்குக் கட்டணம் உண்டா, குறைந்தபட்சத் தொகை எவ்வளவு என்று கடன் ஒப்பந்தத்தில் பாருங்கள். மாதாமாதம் வாங்கமாட்டார்கள் என்றால் ஆறு மாதம் சேர்த்து 24,000 ஆகக் கட்டுங்கள். கட்டும்போது "தவணையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள்" என்று எழுத்தில் கொடுங்கள். சொல்லாவிட்டால் பல இடத்தில் தவணையைத்தான் குறைப்பார்கள்.