வாசகர் கேள்வி – பதில்: அணையாத சிவப்பு விளக்கு

கேள்வி: தாத்தா 1966-இல் வாங்கிய அம்பாசிடர் ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து கொட்டகையிலேயே நின்றது. தையில் எடுத்து ஓட்டினால், டாஷ்போர்டில் சார்ஜைக் காட்டும் சிவப்பு விளக்கு எவ்வளவு வேகம் கொடுத்தாலும் அணையவில்லை. புதிதாக மாட்டிய பேட்டரியும் இரண்டே நாளில் இறங்கிவிடுகிறது. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவை எடுத்துவிட்டு, அதே வேலையைச் செய்யும் இக்கால ஆல்டர்னேட்டர் போடலாம் என்கிறார் மெக்கானிக். அப்படியே செய்துவிடலாமா, ஐயா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: பழுது டைனமோவிலா, வயரிலா, அதன் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கட்-அவுட் பெட்டியிலா என்று தெரியாமல் எதையும் கழற்ற வேண்டாம். ஒரு துண்டுச் செம்புக் கம்பியும் மல்டிமீட்டரும் இருந்தால் அதைக் கண்டுபிடித்துவிடலாம். இந்தச் சிறு சோதனையைச் செய்யாமலேயே நல்ல டைனமோக்களைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

பேட்டரி புதியது என்பதால் அது மாட்டப்பட்ட திசையை முதலில் பாருங்கள். லூகாஸ் கம்பெனி டைனமோ பொருத்திய அக்கால வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு எர்த் செய்யப்பட்டிருக்கும். பழைய எர்த் பட்டையின் கிளாம்ப், பேட்டரியின் தடித்த முனைக்குப் பொருந்தும் அளவில் இருந்தால் அது ஒரு நல்ல அடையாளம். இக்கால வழக்கப்படி மாற்றி மாட்டியிருந்தால் கட்-அவுட்டின் பாயிண்டுகளே (தொட்டு விலகும் முனைகள்) கருகிவிடும். டைனமோவைச் சுற்றவைக்கும் ஃபேன் பெல்ட்டையும் பாருங்கள்; நடுவில் அழுத்தும்போது ஏறத்தாழ அரை அங்குலம் அமுங்கினால் போதும்.

அடுத்து, டைனமோவின் பின்புறத்தில் உள்ள பெரிய முனை, சிறிய முனை ஆகிய இரண்டிலிருந்தும் வயர்களைக் கழற்றி, அவ்விரு முனைகளையும் செம்புக் கம்பியால் இணைத்து, அந்த இணைப்புக்கும் டைனமோவின் உடலுக்கும் இடையே மீட்டரை வைத்து, எஞ்சினை மெதுவாக வேகப்படுத்துங்கள். நிமிடத்துக்கு 1000 சுற்றைத் தாண்டுவதற்குள் மீட்டர் விறுவிறுவென்று ஏறினால் டைனமோ நலமாக இருக்கிறது என்று பொருள். 20 வோல்ட்டைத் தொடுமுன் வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் கார்பன் பிரஷ்ஷைப் பாருங்கள். அரை முதல் ஒரு வோல்ட்டோடு நின்றால் காந்தப்புலம் தரும் ஃபீல்டு காயிலிலும், நான்கைந்து வோல்ட்டோடு நின்றால் உள்ளே சுழலும் ஆர்மேச்சரிலும் குறை இருக்கலாம்.

ஆனால் மாதக்கணக்கில் நின்ற வண்டியில், உள்ளிருக்கும் காந்தத்தன்மை குன்றியும் டைனமோ வேலை செய்யாமல் போவதுண்டு. எஞ்சினை நிறுத்திவிட்டு, கம்பியை எடுத்துவிட்டு, பேட்டரியின் எர்த் அல்லாத முனையிலிருந்து ஒரு வயரைக் கொண்டுவந்து சிறிய முனையில் ஓரிரு நொடி தொட்டு எடுத்தபின் மீண்டும் சோதியுங்கள். மழைக்கால ஈரத்தில் கம்யூட்டேட்டர் (பிரஷ் உரசும் செம்பு வளையம்) கறுத்திருந்தால் நைஸான மணல் உப்புத்தாளால் துடையுங்கள். எமரித் தாள் கூடாது, அதன் துகள் மின்சாரத்தைக் கடத்தும்.

டைனமோ தேறிவிட்டால் வயர்களை அதில் மாட்டி, மறுமுனைகளைக் கட்-அவுட் பெட்டியில் கழற்றி இணைத்து, அங்கும் அதே அளவு வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் வயர் அறுந்திருக்கிறது. வயலை ஒட்டிய கொட்டகை என்றால் எலியைச் சந்தேகிக்கலாம். அங்கும் வந்தால்தான் பெட்டியைத் திறக்க வேண்டும்.

காயில் எரிந்திருந்தாலும் கவலை வேண்டாம். பம்புசெட் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடை இல்லாத ஊர் டெல்டாவில் அரிது. அவர்களில் கைதேர்ந்தவர்களுக்கு இதுவும் பழக்கமான வேலையே. கட்டியபின் ஃபீல்டு காயில் ஏறத்தாழ 6 ஓம் காட்டுகிறதா என்று அங்கேயே பார்த்து வாங்குங்கள். நாள்தோறும் இரவில் நெடுந்தூரம் ஓட்டுபவருக்கு ஆல்டர்னேட்டர் பயன்படும். கல்யாணம், கோயில் என்று எடுக்கும் வண்டிக்கு 22 ஆம்பியர் வரை தரும் பழைய டைனமோவே போதும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: என் ஸ்டாண்டர்டு ஹெரால்டில் பேட்டரித் தண்ணீர் அடிக்கடி வற்றுகிறது, ஹெட்லைட் பல்புகளும் நிலைப்பதில்லை. டைனமோவில் கோளாறா?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: சார்ஜ் மிகையாக ஏறுகிறது, கோளாறு பெரும்பாலும் ரெகுலேட்டர் பக்கம்தான். ரெகுலேட்டர் இருக்கும் கட்-அவுட் பெட்டியிலிருந்து பாடிக்குச் செல்லும் எர்த் வயரின் திருகைக் கழற்றிப் பாருங்கள். கடற்காற்றில் அது துருவேறிச் சரியாகப் பிடிக்காமல் போனால், ரெகுலேட்டர் வோல்ட்டேஜைக் குறைவாக உணர்ந்து டைனமோவைக் கட்டுப்படுத்தாமல் விட்டுவிடும். உலோகம் பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, இறுக்கி, மேலே சிறிது வாசலைன் தடவுங்கள். அதன் பிறகும் தண்ணீர் வற்றினால் மட்டுமே ரெகுலேட்டரின் திருகைத் தொட வேண்டும், அதையும் மீட்டர் வைத்துச் சரிசெய்யத் தெரிந்தவரிடமே கொடுங்கள்.