பிஎஸ்5 சத்தம் பின் ஸ்பீக்கர்களில் வரவில்லை, ஏன்?

செந்தூல் கொண்டோவில் பிஎஸ்5-ஐ டிவியில் செருகி, அங்கிருந்து ஆப்டிகல் கேபிளில் ரிசீவருக்கு (ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டி) கொடுத்திருக்கிறீர்கள்; முன்னால் இருக்கும் இரண்டு ஸ்பீக்கர்கள் மட்டும் பேசுகின்றன, இல்லையா? ஸ்பீக்கர்மேல் பழி வேண்டாம். சிக்கல் அநேகமாக அந்த ஆப்டிகல் வழியில்தான்.

பிஎஸ்5 வழக்கமாக அனுப்புவது லீனியர் பிசிஎம், அதாவது சுருக்காத ஒலி. ஆப்டிகலில் அது இரண்டு சேனலுக்கு மேல் போகாது. டால்பி டிஜிட்டலாகச் சுருக்கினால்தான் 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) நுழையும். ஆகவே காசு செலவழிப்பதற்கு முன், பிஎஸ்5-இன் ஒலி அமைப்பில் ஆடியோ ஃபார்மட்டை டால்பி பிட்ஸ்ட்ரீமுக்கு, அதாவது அந்தச் சுருக்கிய வடிவத்துக்கு, மாற்றுங்கள். டிவியிலும் டிஜிட்டல் ஒலியை பாஸ்-த்ரூவில் (வந்த ஒலியை மாற்றாமல் அப்படியே அனுப்புவது) வையுங்கள். சில டிவிகள் அப்படியும் அடம்பிடித்து ஸ்டீரியோவாகவே அனுப்பும்.

நானாக இருந்தால் பிஎஸ்5-ஐ நேரே ரிசீவரில் செருகி, அங்கிருந்து டிவிக்கு எச்டிஎம்ஐ இழுப்பேன். 7.1 வரை சுருக்காமல் வரும். ஆனால் ரிசீவர் எச்டிஎம்ஐ 2.0 என்றால் 4கே படம் 60 ஹெர்ட்ஸோடு (நொடிக்கு 60 படம்) நின்றுவிடும். 120 வேண்டுமா? பிஎஸ்5 டிவிக்கே போகட்டும், ஒலி இஏஆர்சி (டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ கேபிளிலேயே ரிசீவருக்கு அனுப்பும் வசதி) வழியாக ரிசீவருக்கு வரட்டும். இஏஆர்சி இரண்டு கருவியிலும் இருக்க வேண்டும். அதன் பழைய வடிவமான வெறும் ஏஆர்சியில் சுருக்காத 5.1 வராது.

லோயாட் பிளாசா மின்னணுக் கடைகளில் தங்கமுலாம் எச்டிஎம்ஐ கேபிளைக் காட்டி மயக்குவார்கள். மயங்காதீர்கள், ‘அல்ட்ரா ஹை ஸ்பீட்’ முத்திரை இருந்தால் போதும்.