டிம்மர் போட்டால் எல்.இ.டி. ஏன் துடிக்கிறது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை எல்.இ.டி. மினுக்குவது பற்றியவை. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர்தான் காரணம் என்று பலரும் முடிவுகட்டிவிட்டே எழுதியிருக்கிறீர்கள். முதலில் எடுத்துக்கொள்ளும் கேள்விக்கும் டிம்மருக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் அதற்கு அவசரம் உண்டு என்பதால் முன்னால் வைக்கிறேன்.

ஹாலில் டிம்மர் வைத்த விளக்கு சில நாட்களாக மங்கி மங்கி எரிகிறது. கிரைண்டர் போட்டால் ஹால் விளக்கு மங்குகிறது, படுக்கையறை விளக்கு பளீரென்று ஏறுகிறது. டிம்மரை மாற்றிவிடலாமா?
*வாசகி, திண்டுக்கல்*

டிம்மரை விடுங்கள் அம்மா. படுக்கையறை விளக்கு அதிகமாக எரிகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம். டிம்மரில் கோளாறு என்றால் அந்த டிம்மரில் உள்ள விளக்கு மட்டுமே ஆடும். ஓர் அறையில் மங்கி இன்னோர் அறையில் ஏறினால், உங்கள் வீடு த்ரீ பேஸ் இணைப்பாக இருந்து நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் பொது வயர், லூசாகியிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். நியூட்ரல் சரியாக இருக்கும்வரை ஒவ்வொரு பேஸிலும் 230 வோல்ட் நிற்கும். அது விட்டுப்போனால், இரண்டு பேஸுக்கு இடையே உள்ள 400 வோல்ட்டை இரு பக்கத்துச் சாதனங்களும் பங்கு போட்டுக்கொள்ளும். கிரைண்டர் ஓடும் பக்கம் வோல்டேஜ் இறங்கும், லோடு குறைவான பக்கம் ஏறும். அந்தப் பக்கத்தில் ஃப்ரிட்ஜும் டிவியும் இருந்தால் ஒரே நிமிடத்தில் போய்விடலாம்.

இதைப் படித்ததும் மெயினை ஆஃப் செய்யுங்கள். அக்கம்பக்கத்திலும் இப்படி ஆடுகிறதா என்று கேளுங்கள். ஆடினால் கோளாறு கம்பத்திலோ லைனிலோ இருக்கிறது. மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987க்குச் சொல்லி, "நியூட்ரல் பிரச்சினை" என்ற வார்த்தையையே பயன்படுத்துங்கள். உங்கள் வீட்டில் மட்டும் என்றால் மீட்டருக்குப் பிறகு வரும் நியூட்ரல் லிங்க்கை வயர்மேன் திறந்து பார்க்கட்டும். ஸ்க்ரூ தளர்ந்த இடத்தில் பித்தளை கறுத்து, வயரின் இன்சுலேஷன் பழுப்பாக உருகியிருக்கும். வீட்டுக்குள் கோளாறு தெரியவில்லை என்றால் கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயரைச் சந்தேகப்பட வேண்டும், அதற்கும் மின்னகம்தான். மீட்டர் சீலையும் கம்பத்தையும் நீங்களோ வயர்மேனோ தொடக் கூடாது.

குண்டு பல்பு காலத்து டிம்மரில் 9 வாட் எல்.இ.டி. மாட்டினேன். முழு வெளிச்சத்தில் நன்றாக எரிகிறது, குறைத்தால் படபடவென்று துடிக்கிறது. மட்டமான பல்பா?
*வாசகர், கும்பகோணம்*

பல்பு நல்லதாகவே இருக்கலாம், டிம்மரும் நன்றாகவே இருக்கலாம். இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

நம் கரண்ட் நொடிக்கு 50 சுழற்சி. ஒவ்வொரு சுழற்சிக்கும் இரண்டு முறை, அதாவது நொடிக்கு 100 முறை, அது பூஜ்யத்தைத் தொட்டுவிட்டு வருகிறது. பழைய டிம்மரின் உள்ளே டிரையாக் என்ற சின்ன எலக்ட்ரானிக் சுவிட்ச் இருக்கும். கரண்ட் பூஜ்யத்துக்கு வரும்போதெல்லாம் அது அணைந்துவிடும். மறுபடி எவ்வளவு தாமதமாகத் திறக்க வேண்டும் என்பதைத்தான் நீங்கள் குமிழைத் திருப்பிச் சொல்கிறீர்கள். தாமதம் கூடினால் வெளிச்சம் குறையும்.

சிக்கல் எங்கே என்றால், திறந்த டிரையாக் திறந்தே நிற்பதற்குக் குறைந்தபட்சம் இவ்வளவு கரண்ட் ஓட வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. 60 வாட் குண்டு பல்பு சுமார் 260 மில்லியாம்பியர் இழுக்கும், டிரையாக்குக்கு அது தாராளம். 9 வாட் எல்.இ.டி. இழுப்பது மிகக் கொஞ்சம், அதையும் சீராக இழுப்பதில்லை. பல்புக்குள் கரண்டை மாற்றிக் கொடுக்கும் சர்க்யூட்டுக்கு டிரைவர் என்று பெயர். அதில் கரண்டைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டர் அலையின் உச்சியில் மட்டும் ஒரு வாய் குடித்துவிட்டுச் சும்மா இருக்கும். கரண்ட் போதாமல் டிரையாக் நடுவிலேயே விட்டுவிடும், சில நேரம் திறக்காமலே ஒரு அரைச்சுழற்சியைத் தவறவிடும். குண்டு பல்பின் இழை சூட்டில் கனன்றுகொண்டே இருப்பதால் இந்த இடைவெளியை மறைத்துவிடும். எல்.இ.டி. மறைக்காது.

இதை நீங்களே சோதிக்கலாம். அந்த டிம்மரில் இரண்டு ஹோல்டர் இருந்தால், ஒன்றில் எல்.இ.டி.யை வைத்துக்கொண்டு மற்றதில் ஒரு 60 வாட் குண்டு பல்பைப் போடுங்கள். துடிப்பு நின்றால் லோடு போதாமைதான் காரணம்.

தீர்வு: பல்பு, டிம்மர் இரண்டையும் சேர்த்தே யோசியுங்கள். பல்பின் பெட்டியில் "டிம்மபிள்" என்று அச்சிட்டிருக்க வேண்டும். சாதாரணமாகக் கடையில் எடுத்துக் கொடுக்கும் 9 வாட் பல்பு அந்த ரகம் இல்லை. அதை டிம்மரில் போட்டால் துடிப்பதோடு நிற்காது, டிரைவர் சூடேறிச் சீக்கிரம் போய்விடும். குமிழை முழுதாகத் திருப்பி வைத்தே ஓட்டலாம் என்றும் நினைக்காதீர்கள். டிம்மரையும் எல்.இ.டி.க்கென்றே வருவதாக வாங்குங்கள். அலையின் முன்பக்கத்தை வெட்டாமல் பின்பக்கத்தை வெட்டும் "டிரெய்லிங் எட்ஜ்" ரகம் எல்.இ.டி.க்கு நன்றாக ஒத்துப்போகும். டிம்மரின் முதுகில் குறைந்தபட்ச லோடும் அதிகபட்ச லோடும் போட்டிருப்பார்கள். 400 வாட் என்று இருந்தால் அது குண்டு பல்புக்கான கணக்கு. எல்.இ.டி.க்குத் தனியாகப் போடவில்லை என்றால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றாமல் இருப்பது நல்லது.

சரியான ஜோடி போட்ட பிறகும் அடிமட்டத்தில் மட்டும் துடித்தால், சில டிம்மர்களில் குறைந்தபட்ச வெளிச்சத்தைச் சரிசெய்ய ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். மெயினை அணைத்துவிட்டு வயர்மேனை வைத்து அதைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள். ஒரே டிம்மரில் வெவ்வேறு கம்பெனி பல்புகளைக் கலந்து போடுவதையும் தவிருங்கள்.

ஃபேன் ரெகுலேட்டரையே லைட்டுக்கும் டிம்மராகப் போட்டுத் தருகிறேன் என்கிறார் வயர்மேன். போடலாமா?
*வாசகர், வேலூர்*

வேண்டாம். டக், டக்கென்று படிப்படியாகத் திரும்பும் ரெகுலேட்டரின் உள்ளே இருப்பவை கெப்பாசிட்டர்கள். அவை ஃபேன் மோட்டாருக்கு வோல்டேஜைக் குறைத்துக் கொடுப்பதற்கானவை. எல்.இ.டி. டிரைவரோ வோல்டேஜ் குறைந்தாலும் வெளிச்சத்தை விடாமல் பிடித்துக்கொள்ளப் பார்க்கும். முடியாத கட்டத்தில் அணைந்து அணைந்து எரியும். நிற்காமல் வழுக்கிக்கொண்டு திரும்பும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் என்றால் அதுவும் டிரையாக்தான், கும்பகோணம் வாசகரின் கதைதான்.

சுவிட்சை ஆஃப் செய்தாலும் பல்பு லேசாக ஒளிர்கிறது, சில நேரம் விட்டு விட்டு மின்னுகிறது. குழந்தைகள் பயப்படுகிறார்கள்.
*வாசகி, மதுரை*

சுவிட்சில் சிவப்பு இண்டிகேட்டர் இருக்கிறதா? இருந்தால் அது எரிவதற்கான துளி கரண்ட் பல்பு வழியாகத்தான் போகிறது. அந்தத் துளி சேர்ந்து டிரைவரின் கெப்பாசிட்டர் நிரம்பியதும் பல்பு ஒரு முறை மின்னும், காலியானதும் அணையும், மறுபடி நிரம்பும். இண்டிகேட்டர் இல்லாத சுவிட்சாக மாற்றினால் தீர்ந்தது. டிம்மரோ ஸ்மார்ட் சுவிட்சோ நியூட்ரல் இல்லாமல் இணைத்திருந்தாலும் இதே தொல்லை வரும்.

இண்டிகேட்டர் இல்லை என்றால் சும்மா விடாதீர்கள். பழைய வயரிங்கில் சிலர் பேஸுக்குப் பதிலாக நியூட்ரலை சுவிட்சில் கொண்டுவந்திருப்பார்கள். அப்படியானால் சுவிட்சை அணைத்தாலும் ஹோல்டரில் பேஸ் நிற்கும். பல்பு மாற்றக் கை வைப்பவருக்கு ஷாக் அடிக்கலாம். சுவிட்சை ஆஃபில் வைத்து, ஹோல்டரின் இரண்டு முனைகளிலும் வயர்மேனை டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றில் டெஸ்டர் பளிச்சென்று எரிந்தால் வயரை மாற்றிக் கொடுத்தே ஆக வேண்டும். நீண்ட தூரம் பக்கத்துப் பக்கத்தில் ஓடும் வயர்களால் டெஸ்டர் மங்கலாக எரிவதும் உண்டு, அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். வயரைச் சரிசெய்யும்வரை அந்தப் பல்பை மாற்ற வேண்டி வந்தால் மெயினை அணைத்த பிறகே தொடுங்கள்.

ஃபால்ஸ் சீலிங்கில் ஸ்ட்ரிப் லைட் போட்டோம். சுவர் டிம்மரைத் திருப்பினால் மங்காமல் வெட்டி வெட்டி எரிகிறது.
*வாசகர், கோயம்புத்தூர்*

ஸ்ட்ரிப் 12 அல்லது 24 வோல்ட் டிசியில் எரிவது. 230 வோல்ட்டை அந்த டிசியாக மாற்றிக் கொடுக்க நடுவில் சீலிங்குக்குள் எஸ்.எம்.பி.எஸ். என்ற பெட்டி உட்கார்ந்திருக்கும். நீங்கள் டிம்மரால் வெட்டுவது அதற்கு முன்னால் உள்ள 230 வோல்ட்டை. எஸ்.எம்.பி.எஸ். அதை ஏதோ சப்ளை கோளாறு என்று நினைத்து நின்று நின்று ஆரம்பிக்கிறது. சுவர் டிம்மரை எடுத்துவிட்டுச் சாதாரண சுவிட்ச் போடுங்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கும் ஸ்ட்ரிப்புக்கும் இடையில், டிசி பக்கத்தில், ஸ்ட்ரிப்புக்கென்றே விற்கும் டிம்மரை வையுங்கள். சுவர் டிம்மரே வேண்டும் என்றால் டிம்மபிள் டிரைவர் வாங்க வேண்டும், விலை கூடும்.

கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் டிம்மர் லைட் துடிக்கிறது, டிம்மர் 'கொய்ங்' என்கிறது.
*வாசகர், நாகர்கோவில்*

உங்களுடையது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருக்க வேண்டும். டிம்மர் வெட்டுவதற்கு ஏறி இறங்கும் அலை தேவை. ஸ்கொயர் வேவில் வோல்டேஜ் சட்டென்று உச்சிக்குப் போய் அங்கேயே நிற்கும். சைன் வேவ் இன்வெர்ட்டர் வாங்கும்வரை, கரண்ட் போனால் அந்த விளக்கை அணைத்துவிடுங்கள்.

மினுக்குவது கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் செல்போன் கேமராவில் கோடு கோடாக ஓடுகிறது. பல்பு கெட்டுவிட்டதா?
*வாசகி, சேலம்*

கெடவில்லை. நொடிக்கு 100 முறை வெளிச்சம் ஏறி இறங்குவதைக் கேமரா பிடிக்கிறது. மலிவான பல்புகளில் இதை மட்டுப்படுத்தும் கெப்பாசிட்டர் சின்னதாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. சிலருக்கு இதனால் தலைவலியும் கண் அசதியும் வரும். படிக்கும் மேசைக்கு மேல் இந்தப் பல்பு இருந்தால் மாற்றிவிடுங்கள். புதிதாக வாங்கும்போது கடையிலேயே எரியவிட்டு, போனை ஸ்லோமோஷனில் வைத்துப் பாருங்கள். கோடு ஓடாத பல்பை எடுத்துக்கொள்ளுங்கள்.