இன்னொருவர் பாட்டை மாற்றிப் பாடி ஆல்பம் போடலாமா?

கேள்வி: பதினான்கு வருடமாக மேடை நாடகங்களில் நடிக்கிறேன். இரண்டு சீரியல்களிலும் தலைகாட்டியிருக்கிறேன். ஹாலிவுட் நடிகை ஸ்கார்லெட் ஜொஹான்சன், அமெரிக்கப் பாடகர் டாம் வெயிட்ஸ் எழுதிய பாடல்களைத் தன் பாணியில் பாடி முதல் ஆல்பம் போட்டாரே, அதேபோல எனக்குப் பிடித்த ஒரே இசையமைப்பாளரின் எட்டு சினிமாப் பாடல்களைக் கிட்டாரும் செல்லோவும் மட்டும் வைத்து, மெதுவாகப் பாடி வெளியிட ஆசை. இடையிசையை எல்லாம் எடுத்துவிட்டோம். ஆண் பாடிய சில வரிகளைப் பெண் பாடுவதுபோல மாற்றியிருக்கிறேன். இதற்குக் காப்புரிமை அனுமதி வேண்டுமா? பாட்டுக்கு 8,000 ரூபாய் கொடுத்தால் ‘எல்லா ரைட்ஸும்’ வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா? அட்டையில் படத்தின் ஸ்டில்லைப் போடலாமா? - ஒரு வாசகி, கோவை

பதில்: நடுவில் கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் அவசரம் இருக்கிறது. அந்த நபரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். எட்டுப் பாட்டுக்கு 64,000 ரூபாய். ‘எல்லா ரைட்ஸும்’ என்று ஒரே வார்த்தையில் ஒருவர் பேசினாலே, ரைட்ஸ் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும்.

சில வருடங்களுக்கு முன் ஒருவர் இப்படித்தான் ஒன்பது பாட்டுக்குப் பணம் கட்டி, முத்திரைத்தாளில் அடித்த கடிதம் ஒன்றோடு என்னிடம் வந்தார். ரெக்கார்டிங், மிக்ஸிங் எல்லாம் முடிந்துவிட்டது. கடிதத்தை நிதானமாகப் படித்துப் பார்த்தால், யாரோ ஒருவருக்கு காலர் டியூன் விற்பதற்குக் கொடுத்த அனுமதி அது. அதுவும் காலாவதியான அனுமதி. அதையே நகல் எடுத்து, ‘ஆல்பம் ரைட்ஸ்’ என்று பலருக்கு விற்றிருக்கிறார்கள். பணமும் திரும்பவில்லை, ஆல்பமும் வெளிவரவில்லை.

சரி, ஜொஹான்சன் விஷயத்துக்கு வருவோம். நீங்கள் சொல்லும் ஆல்பம் 2008 மே மாதம் வந்தது. பதினொரு டிராக்கில் பத்து, டாம் வெயிட்ஸுடையவை. ஒன்று மட்டும் ஜொஹான்சனும் தயாரிப்பாளர் டேவிட் சிடெக்கும் சேர்ந்து எழுதியது. லூசியானாவில் ரெக்கார்டிங் நடந்தது. இரண்டு பாட்டில் பிரிட்டிஷ் ராக் பாடகர் டேவிட் போவி பின்குரல் கொடுத்தார். டாம் வெயிட்ஸின் கரகரத்த குரலுக்கும் அந்த ஆல்பத்தின் கனவு மாதிரியான ஒலிக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. இவ்வளவு பெரிய பெயர்கள் இருந்தும் அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் தரவரிசைப் பட்டியலில் 126-வது இடம்தான் கிடைத்தது என்பதையும் நினைவில் வையுங்கள். ஆசையைக் கெடுக்கச் சொல்லவில்லை, கடன் வாங்கிச் செலவழிக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் அது எளிதாக நடந்ததற்குக் காரணம் அந்த ஊர்ச் சட்டம். ஒரு பாட்டு ஒருமுறை உரிமையாளரின் சம்மதத்தோடு அங்கே வெளியாகிவிட்டால், அதன்பின் யார் வேண்டுமானாலும் அதைப் புதிதாகப் பாடிப் பதிவு செய்து விற்கலாம். எழுதியவரால் ‘முடியாது’ என்று சொல்ல முடியாது. நோட்டீஸ் கொடுத்து, நிர்ணயித்த ராயல்டியைக் கட்டினால் போதும். 2008-ல் ஒரு பிரதிக்கு, ஒரு பாட்டுக்கு 9.1 சென்ட். அதைவிட முக்கியம், பாடுபவரின் பாணிக்கு ஏற்பப் பாட்டைக் கொஞ்சம் மாற்றியமைத்துக்கொள்ளவும் அந்தச் சட்டமே இடம் கொடுக்கிறது. அடிப்படை மெட்டையும் பாட்டின் குணத்தையும் கெடுக்கக் கூடாது, அவ்வளவுதான். இதெல்லாம் ஆடியோவுக்கு மட்டும். வீடியோ எடுத்தால் அங்கேயும் தனியாகக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இதே டாம் வெயிட்ஸ் பற்றி இன்னொன்று. தன் பாட்டையும் குரலையும் விளம்பரத்துக்குக் கொடுக்க மாட்டேன் என்பதில் பிடிவாதக்காரர். ஒரு சிப்ஸ் விளம்பரத்தில் அவர் குரல் மாதிரியே இன்னொருவரைப் பாட வைத்தார்கள். வழக்குப் போட்டு, 1990-ல் இருபது லட்சம் டாலருக்கு மேல் நஷ்டஈடு வாங்கினார். 1992-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் பெரும்பகுதியை உறுதி செய்தது. பாட்டைப் பாடுவது ஒன்று, பாடியவரைப் போலவே பாடி ஏமாற்றுவது வேறு. உங்கள் விஷயத்தில் அந்தப் பயம் இல்லை, நீங்கள் மாற்றித்தான் பாடுகிறீர்கள். ஆனால் நம் ஊரில் பிரச்சினையே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலில் ஒரு சொல்லைத் திருத்திக்கொள்ளுங்கள். இது காப்புரிமை இல்லை, பதிப்புரிமை. காப்புரிமை என்பது மருந்துக்கும் மெஷினுக்கும். டிவிக்காரர்கள்கூடத் தினமும் தப்பாகச் சொல்கிறார்கள். நான் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்.

ஒரு சினிமாப் பாட்டில் மூன்று சொத்துகள் இருக்கின்றன. வரி ஒன்று, மெட்டு ஒன்று, நாம் கேட்கும் அந்த ஒலிப்பதிவு ஒன்று. நீங்கள் எல்லாவற்றையும் புதிதாக வாசித்துப் பாடுவதால் மூன்றாவது உங்களுக்குத் தேவையில்லை. ஆனால் பழைய பாட்டிலிருந்து இரண்டு விநாடி புல்லாங்குழலை வெட்டி ஒட்டினாலும் அதுவும் தேவை. யாரோ தயாரித்த மைனஸ் ஒன் டிராக்கை (குரல் இல்லாத பின்னணி இசையை) இறக்கிப் பாடினாலும் அப்படித்தான், அந்த டிராக் தயாரித்தவருக்குச் சொந்தம். மேடையில் பாடுவது, கல்யாண வீட்டில் பாடுவது எல்லாம் வேறு கதை, அதற்குள் இங்கே போகவில்லை.

பாடியவருக்குப் பாட்டு சொந்தம் என்று பலர் நினைக்கிறார்கள். 2017-ல் அமெரிக்காவில் கச்சேரி செய்துகொண்டிருந்த எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கே, தன் பாடல்களை அனுமதியில்லாமல் பாடக் கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போனது. அந்தப் பாடல்களை முதலில் பாடியவருக்கே அந்த நிலைமை என்றால், உங்களையும் என்னையும் கேட்கவே வேண்டாம்.

இந்தியாவிலும் கவர் வெர்ஷனுக்கு, அதாவது ஏற்கெனவே வந்த பாட்டை இன்னொருவர் புதிதாகப் பாடிப் பதிவு செய்வதற்கு, ஒரு சட்ட வழி இருக்கிறது. 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்த்த 31சி பிரிவு. இதைக் கூகுளில் படித்துவிட்டு ‘அதான் அஞ்சு வருஷம் ஆயிடுச்சே சார்’ என்று வாரம் ஒருவராவது போன் செய்கிறார். பாட்டு முதலில் பதிவான வருடம் முடிந்து ஐந்து காலண்டர் வருடங்கள் கடந்திருக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அது ஒரு நிபந்தனை மட்டுமே. முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அட்டையை அனுப்ப வேண்டும், ராயல்டியை முன்பணமாகக் கட்ட வேண்டும். எத்தனை பிரதிக்கு? ஒவ்வொரு பாட்டுக்கும், பிரதி போடும் ஒவ்வொரு வருடத்துக்கும், குறைந்தது 50,000 பிரதிக்கு. நீங்கள் ஐந்நூறு போட்டாலும் ஐம்பதாயிரத்துக்குக் கட்டு!

வெர்ஷன் கேசட்டுகள் தள்ளுவண்டியில் விற்ற எண்பதுகளில் டி-சீரிஸ் மாதிரி நிறுவனங்கள் பழைய சட்டம் கொடுத்த இடத்தை வைத்து வளர்ந்தன. அந்த வியாபாரத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று நினைத்துப் போட்ட வேலி இது. 2012-ல் எழுதும்போதே கேசட் செத்துப்போயிருந்தது. இன்று ஸ்பாட்டிஃபையில் ‘பிரதி’ என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள், நாலு வக்கீல் நாலு பதில் சொல்வார்கள். ராயல்டி விகிதத்தையும் குறைந்தபட்சப் பிரதிக் கணக்கில் சலுகையையும் முடிவு செய்ய ஒரு வாரியம் இருந்தது. பாதிக் காலம் அதில் ஆள் இல்லை. 2021-ல் அதையே கலைத்து, வேலையை நீதிமன்றத்தின் தலையில் கட்டிவிட்டார்கள். எட்டுப் பாட்டு பாட ஆசைப்படும் ஒரு நாடகக் கலைஞர் இதற்காக நீதிமன்றப் படி ஏற வேண்டுமாம்.

போகட்டும், இவ்வளவையும் நீங்கள் செய்யத் தயார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் உங்களுக்கு இந்தப் பிரிவு உதவாது. காரணத்தை நன்றாகக் கவனியுங்கள். 31சி-யின்படி பாடுபவர் வரியிலோ இசையிலோ மாற்றம் செய்யக் கூடாது. இரண்டே விலக்கு. உரிமையாளரே அல்லது அவர் சம்மதத்தோடு வேறு ஒருவர் அந்த மாற்றத்தை ஏற்கெனவே செய்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒலிப்பதிவு செய்ய அந்த மாற்றம் தொழில்நுட்ப ரீதியில் அவசியமாக இருக்க வேண்டும்.

இதை உங்கள் ஆல்பத்துக்குப் பொருத்திப் பாருங்கள். ஆண் குரலுக்கு அமைத்த சுருதியை உங்கள் குரலுக்கு ஏற்றியோ இறக்கியோ பாடுகிறீர்கள். அது இல்லாமல் பாடவே முடியாது, எனவே அவசியம் என்று என்னால் வாதாட முடியும். நாற்பது வயலினுக்குப் பதில் ஒரு செல்லோ? எதிர்த்தரப்பு சும்மா இருக்காது, ‘காசு இல்லை’ என்பது தொழில்நுட்பக் காரணம் இல்லை என்பார்கள். இடையிசையை எடுத்துவிட்டோம் என்கிறீர்கள். தமிழ் சினிமாப் பாட்டில் இடையிசை வெறும் அலங்காரம் இல்லை, இசையமைப்பாளர் எழுதிய இசையின் உறுப்பு. அதை வெட்டியது மாற்றம். வேகத்தைப் பாதியாகக் குறைத்தது மாற்றம் என்று அவர்கள் சொல்வார்கள், இல்லை என்று நாம் சொல்வோம். ‘அவள்’ என்பதை ‘அவன்’ என்று மாற்றியதற்கோ வாதமே கிடையாது. அது பாடலாசிரியரின் வரி. ஒரே ஓர் எழுத்துதானே என்றால், அந்த ஓர் எழுத்துக்கும் சேர்த்துத்தான் அவர் பெயர் அதில் இருக்கிறது. தன் படைப்பைச் சிதைத்துத் தன் பெயருக்குக் களங்கம் ஏற்படுத்தினால் தட்டிக்கேட்கும் உரிமை படைத்தவருக்கு இருக்கிறது. பாட்டை விற்ற பிறகும் இருக்கிறது.

ஆக, அப்படியே பாடினால் சட்ட வழி உண்டு, உங்கள் பாணியில் பாடினால் கிடையாது. ஜொஹான்சன் கோவையில் பிறந்திருந்தால் அந்த ஆல்பத்துக்கு நேரடியாகக் கேட்டு அனுமதி வாங்கியிருக்க வேண்டும். உங்களுக்கும் அது ஒன்றுதான் வழி.

‘யூடியூபில் எல்லாரும்தானே போடுறாங்க’ என்று அடுத்துக் கேட்பீர்கள். போடுகிறார்கள். ஆடியோ நிறுவனம் அதை இறக்கச் சொல்வதற்குப் பதில், உரிமை கோரி விளம்பர வருமானத்தை எடுத்துக்கொள்கிறது. அது அனுமதி இல்லை, பொறுத்துக்கொள்வது. நாளைக்கு மனசு மாறினால் ‘ஸ்டிரைக்’ என்ற யூடியூப் எச்சரிக்கை வரும். மூன்று ஸ்டிரைக் வந்தால் சேனலே போகும். கீழே ‘அனைத்து உரிமையும் உரியவருக்கே’ என்று எழுதி வைப்பதால் ஒரு பலனும் இல்லை. ஆல்பத்தை ஸ்பாட்டிஃபை, ஆப்பிளில் ஏற்றித் தரும் விநியோகத் தளங்களிலும் இதே கதை. ‘கவர் லைசென்ஸ் நாங்க பார்த்துக்கிறோம்’ என்று சில தளங்கள் தனிக் கட்டணம் வாங்குகின்றன. அவை பார்ப்பது பெரும்பாலும் அமெரிக்கச் சட்டப்படி. இந்தியாவுக்கான பொறுப்பு, நீங்கள் படிக்காமல் டிக் அடித்த பெட்டியில் உங்கள் தலையிலேயே இருக்கும்.

யாரிடம் கேட்பது? உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனியாகத் தேட வேண்டும். ஒரே இசையமைப்பாளர் என்றாலும் எட்டுப் படம், எட்டுத் தயாரிப்பாளர், நான்கு ஆடியோ நிறுவனமாக இருக்கலாம். பொதுவாகப் படத்தயாரிப்பாளரிடமிருந்து ஆடியோ நிறுவனம் எழுதி வாங்கியிருக்கும். சில பாடல்களில் இசையமைப்பாளரும் நிறுவனமும் கோர்ட்டில் நிற்கிறார்கள். அப்படிப்பட்ட பாட்டைப் பட்டியலிலிருந்து தூக்கிவிடுங்கள், எவ்வளவு பிடித்திருந்தாலும் சரி. ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தருகிறது. பாட்டை மாற்ற அனுமதி தரும் இடம் அது இல்லை.

நிறுவனத்துக்கு எழுதும்போது மாற்றங்களை மறைக்காதீர்கள். வீட்டில் பதிவு செய்த மாதிரியை இணைத்து, எந்த வரி மாறியிருக்கிறது, எந்த இடையிசை போயிருக்கிறது என்று சொல்லியே கேளுங்கள். வரி மாற்றத்துக்குப் பாடலாசிரியர் அல்லது அவர் வாரிசு கையெழுத்துப் போட்ட சம்மதமும் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வரும் தம்ஸ் அப் செல்லாது. ஒப்பந்தத்தில் காலமும் இடமும் கட்டாயம் இருக்கட்டும். காலம் எழுதவில்லை என்றால் ஐந்து வருடம் என்றும், இடம் எழுதவில்லை என்றால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆல்பமோ ஏற்றிய அன்றே டொரான்டோவிலும் கேட்கும். பணம் நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு நேராகப் போகட்டும், ஜி.எஸ்.டி. பில் வாங்குங்கள். அந்த 8,000 ரூபாய்க்காரரிடமும் இதே இரண்டைக் கேட்டுப் பாருங்கள், அடுத்த நாள் போனை எடுக்க மாட்டார்.

பதில் வர மாதக்கணக்கில் ஆகும். சில நேரம் வரவே வராது. மௌனம் சம்மதம் என்பது கல்யாணப் பேச்சில்தான். அதனால் ஸ்டுடியோவை இப்போதே புக் செய்யாதீர்கள்.

காத்திருக்கும் நேரத்தில் பாரதியார் பாடல் இரண்டை உங்கள் சொந்த மெட்டில் பதிவு செய்து வையுங்கள். வரிகள் பொதுச்சொத்து, யாரையும் கேட்க வேண்டாம். சினிமாவில் வந்த மெட்டில் மட்டும் பாடிவிடாதீர்கள், அந்த மெட்டுக்குச் சொந்தக்காரர் வேறு.

கடைசியாக அட்டை. ஸ்டில் வேண்டாம். 31சி வழியில் போகிறவர்கள் படத்தையோ முதலில் பாடியவர் பெயரையோ அட்டையில் காட்டவே கூடாது என்று சட்டமே சொல்கிறது. நீங்கள் போவது அந்த வழி இல்லை என்றாலும், ஸ்டில்லுக்குத் தயாரிப்பாளரிடம் தனி அனுமதி, அதில் இருக்கும் நடிகரிடம் இன்னொன்று என்று அது நீண்டுகொண்டே போகும். உங்கள் முகத்தையே போடுங்கள், இரண்டு சீரியலில் பார்த்த முகம்தானே.