எதிரே வரும் சிறுகோள்

கேள்வி: வியாழனின் பாதையிலேயே ஒரு சிறுகோள் எதிர்த்திசையில் சுற்றுகிறதாமே, என்றைக்காவது மோதிவிடாதா?

பதில்: ஒன்வேயில் எதிரே வரும் வண்டி மாதிரிதான் இருக்கிறது, ஆனால் இப்போதைக்கு மோதாது. 2015 பிஇசட் 509 என்பது அதன் குறியீட்டுப் பெயர், சுமார் 3 கிலோமீட்டர் அகலம் இருக்கலாம். வியாழனைப் போலவே சூரியனைச் சுற்றிவர அதற்கும் கிட்டத்தட்ட 12 வருஷம் ஆகிறது, திசைதான் நேர்மாறு.

பாதை ஒன்று என்கிறோமே தவிர, வியாழனுடையது ஏறக்குறைய வட்டம், இதனுடையது நீள்வட்டம், கொஞ்சம் சாய்ந்தும் இருக்கிறது. அதனால் சுமார் 6 வருஷத்துக்கு ஒருமுறை இரண்டும் எதிரெதிரே வரும்போது, ஒரு தடவை சிறுகோள் வியாழனுக்கு உள்பக்கமாக, அதாவது சூரியன் இருக்கும் பக்கமாக நழுவிப் போகும், அடுத்த தடவை வெளிப்பக்கமாக. உள்ளே போகும்போது வியாழன் ஒரு பக்கம் இழுக்கும், வெளியே போகும்போது மறுபக்கம் இழுக்கும், ஆக மொத்தம் கணக்கு சரியாகிவிடுகிறது. இந்த விளையாட்டு குறைந்தது பத்து லட்சம் வருஷமாவது நடந்துகொண்டிருக்கும் என்று 2017-ல் கணித்தார்கள்.

வியாழனோடு ஒரே திசையில் போகிற சாதுக்களும் உண்டு. 'ட்ரோஜன்' சிறுகோள்கள் என்று பெயர். 60 டிகிரி முன்னால் ஒரு கூட்டம், 60 டிகிரி பின்னால் ஒரு கூட்டம், முதலாவதாக 1906-ல் கண்டுபிடித்தது அக்கிலிஸை.

அப்புறம், நம்ம எதிர்த்திசைக்காரர் வேறொரு நட்சத்திரத்திலிருந்து வந்தவர் என்று 2018-ல் இரண்டு ஆய்வாளர்கள் சொன்னார்கள். கேட்க ஜோராக இருக்கிறது, ஆனால் மறுப்பவர்களும் இருக்கிறார்கள், நான் அவர்கள் பக்கம்.