முதல் பணத்தை யாரிடம் வாங்குவது? தூய எரிசக்தித் தொழில் குறித்து வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நானும் என் நண்பர்கள் இருவரும் இயந்திரவியல் படித்தவர்கள். கொப்பரை காய வைப்பதற்கென்று ஒரு சூரிய உலர்த்தி செய்து, காங்கேயம் பக்கம் ஒரு களத்தில் ஓராண்டாக ஓட்டிப் பார்த்துவிட்டோம். அடுத்துப் பத்து உலர்த்திகள் செய்யப் பணம் வேண்டும். உறவினர் ஒருவர் 10 லட்சம் ரூபாய் தருகிறேன் என்கிறார்; பதிலுக்கு 30 விழுக்காடு பங்கு கேட்கிறார். வங்கிக் கடன் வாங்கிவிடலாம் என்கிறான் நண்பன். எது சரி?
வாசகர், பொள்ளாச்சி

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம் என்பதே என் கருத்து. தூய எரிசக்தித் தொழிலில் இறங்கும் இளைஞர்கள் செய்யும் பெரிய தவறு பணம் கிடைக்காமல் நிற்பது அன்று. தவறான கட்டத்தில் தவறான வகைப் பணத்தை வாங்கிவிடுவதுதான்.

உறவினர் கேட்கும் பங்கை முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்று 30 விழுக்காட்டைக் கொடுத்துவிட்டால் உங்கள் மூவரிடமும் 70 இருக்கும். தொழிற்கூடம் போடும்போது ஒரு முதலீட்டாளருக்கு 20 விழுக்காடும், அதன்பின் விரிவாக்கத்துக்கு இன்னொருவருக்கு 20 விழுக்காடும் கொடுக்க நேர்ந்தால் மூவருக்கும் சேர்த்து எஞ்சுவது 45 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு, அதாவது தலைக்குப் பதினைந்து. உழைப்பவர்கள் கையில் இவ்வளவு குறைந்த பங்கு இருக்கும் நிறுவனத்தில் பணம் போடப் பெரிய முதலீட்டாளர்கள் தயங்குவார்கள். உறவினர் நல்ல மனத்தோடுதான் கேட்கிறார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த 10 லட்சம் உங்கள் தொழிலின் மிக விலை உயர்ந்த பணமாக முடியும்.

உங்கள் கட்டத்துக்கு ஏற்றது மானியம். டான்சீட் எனப்படும் தமிழ்நாடு புத்தொழில் ஆதார நிதியின் அண்மைப் பதிப்புகளில் பொதுவான நிறுவனங்களுக்கு 10 லட்சமும், பசுமைத் தொழில்நுட்பம், ஊரக வாழ்வாதாரம், பெண்கள் தலைமை ஆகிய பிரிவுகளில் வருவனவற்றுக்கு 15 லட்சமும் வழங்கப்பட்டன. பதிலுக்கு அரசின் புத்தொழில் இயக்கம் எடுத்துக்கொள்வது 3 விழுக்காடு பங்கு. 15 லட்சத்துக்கு 3 விழுக்காடு என்றால் உங்கள் நிறுவனத்தை 5 கோடி ரூபாயாக மதிக்கிறார்கள் என்று பொருள். உறவினரின் கணக்கில் அதே நிறுவனத்தின் மதிப்பு 33 லட்சம்தான். இதற்கு நிறுவனத்தைப் பதிவு செய்து, மத்திய அரசின் ஸ்டார்ட்அப் இந்தியா அங்கீகாரமும் பெற்றிருக்க வேண்டும். பங்கு கொடுக்க வேண்டியிருப்பதால் பிரைவேட் லிமிடெட்டாகவே பதிவு செய்துகொள்வது பின்னாளில் அலைச்சலைக் குறைக்கும். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் நிதி பிரயாஸ் திட்டம் மாதிரிக் கருவியைச் செம்மைப்படுத்த 10 லட்சம் வரை தருகிறது. அதைத் தெரிவு செய்யப்பட்ட இன்குபேஷன் மையங்களின், அதாவது புதிய நிறுவனங்களை வளர்த்துவிடும் மையங்களின், வழியாகவே பெற முடியும். இத்தகைய பணம் தவணைகளாகத்தான் வரும் என்பதால், ஒரு தவணைக்கும் அடுத்ததற்கும் இடையில் கூலிக்கும் தகட்டுக்கும் கையில் என்ன இருக்கும் என்பதை முன்கூட்டியே யோசித்து வையுங்கள்.

வங்கிக் கடனுக்கும் ஒரு காலம் வரும். பத்து உலர்த்திகள் விற்று, பதினோராவதற்கு ஆர்டர் வந்து நிற்கும்போது மாவட்டத் தொழில் மையத்தின் நீட்ஸ் திட்டத்துக்குப் போங்கள். முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கான அத்திட்டத்தில் 25 விழுக்காடு மூலதன மானியம், அதிகபட்சம் 75 லட்சம் வரை, உண்டு. வட்டியிலும் 3 விழுக்காடு மானியம் கிடைக்கும். விற்குமா என்று தெரியாத பொருளுக்கு மாதத் தவணை கட்டத் தொடங்கினால், கருவியைத் திருத்த வேண்டிய நேரமெல்லாம் தவணைக்குப் பணம் புரட்டுவதிலேயே போய்விடும்.

இன்னொன்றையும் கேட்கிறேன். ஓராண்டாக ஓட்டியதாக எழுதியிருக்கிறீர்கள், எழுதி வைத்தீர்களா? சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மதிப்பீட்டுக் குழுவில் அமர்ந்திருந்தபோது, ஓர் இளைஞர் பளபளப்பான படக்காட்சி எதுவும் கொண்டுவராமல், எண்ணெய்க் கறை படிந்த நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றை மேசைமேல் வைத்தார். உள்ளே போன தேங்காய்ப் பருப்பின் எடை, வெளியே வந்த எடை, மேகமூட்டம், மின்விசிறி நின்ற நேரம் என்று நாள்வாரியாகப் பேனாவால் எழுதியிருந்தார். திடீர் மழையில் பக்கத்துக் களத்தில் பூஞ்சணம் பிடித்து விலை இறங்கிய மூட்டைகளின் எண்ணிக்கைகூட ஓரத்தில் இருந்தது. குழுவில் இருந்த ஐந்து பேரும் அந்தப் புத்தகத்தைக் கைமாற்றிப் படித்தோம், அதன்பின் அதிகம் விவாதிக்கவில்லை. தேங்காய்ப் பருப்பின் ஈரப்பதம் ஏறத்தாழ 50 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காட்டுக்கு இறங்க வேண்டும். உங்கள் கருவி அதை எத்தனை மணி நேரத்தில், எவ்வளவு செலவில் செய்கிறது என்ற கணக்கு உங்களிடம் இருந்தால் பாதி விண்ணப்பம் எழுதி முடிந்த மாதிரிதான்.

கேள்வி: இன்குபேட்டர் என்கிறார்கள், ஆக்சிலரேட்டர் என்கிறார்கள். இரண்டும் ஒன்றா? ஒரு மையம் எங்களுக்கு மேசையும் வழிகாட்டலும் தருவதாகச் சொல்லி 8 விழுக்காடு பங்கு கேட்கிறது. கொடுக்கலாமா?
வாசகி, தூத்துக்குடி

பதில்: ஒன்று நாற்றங்கால், மற்றது மேலுரம். இன்குபேட்டரில் ஓரிரு ஆண்டுகள் தங்கி, ஆய்வுக்கூடத்தையும் இயந்திரங்களையும் பயன்படுத்திப் பொருளை உருவாக்குகிறீர்கள். ஆக்சிலரேட்டர் மூன்று முதல் ஆறு மாதம் நடக்கும். ஏற்கெனவே பொருளும் சில வாடிக்கையாளர்களும் உள்ள நிறுவனங்களை ஓர் அணியாகச் சேர்த்து, விற்பனையையும் முதலீட்டாளர் சந்திப்பையும் விரைவுபடுத்தும். 2005இல் அமெரிக்காவில் தொடங்கிய ஒய் காம்பினேட்டர் இம்முறையைப் பரப்பியது. மென்பொருளுக்கு அது நன்றாகவே பொருந்தியது. மின்கலமோ காற்றாலை உதிரிபாகமோ மூன்று மாதத்தில் முதிர்ந்துவிடாது. ஆகவே முதலில் இன்குபேட்டர், பிறகு ஆக்சிலரேட்டர் என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

பணம் எதுவும் போடாமல் எட்டு விழுக்காடு கேட்பது என் கணக்கில் மிக அதிகம். மேசையும் இணைய இணைப்பும் வாடகைக்கே கிடைக்கும் பொருள்கள். கையெழுத்திடும் முன் அந்த மையத்திற்கு நேரில் சென்று பாருங்கள். சோதனை மேடை இருக்கிறதா, அதில் தூசி படிந்திருக்கிறதா, அங்கிருந்து வெளியேறிய நிறுவனங்களில் மூன்றின் தொலைபேசி எண்ணைத் தருவார்களா? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் திரும்பி வந்துவிடுங்கள். கோவையின் பி.எஸ்.ஜி. ஸ்டெப், சென்னை ஐ.ஐ.டி.யின் இன்குபேஷன் செல் போன்ற இடங்களின் வலு, அவற்றைச் சுற்றியிருக்கும் பட்டறைகளிலும் பேராசிரியர்களிலும் இருக்கிறது. சான்றிதழுக்கு எங்கே போவது என்பதையும் நல்ல மையம் சொல்லித் தரும்: பம்பு என்றால் கோவையின் சிட்டார்க், மின்கருவி என்றால் பெங்களூரின் மத்திய மின் ஆராய்ச்சி நிறுவனம், காற்றாலை என்றால் பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்று சக்தி நிறுவனம்.

அரசுப் பணத்தில் ஒரு பகுதி இம்மையங்களின் வழியாகவே இறங்குகிறது என்பதையும் மறக்க வேண்டாம். 2021இல் 945 கோடி ரூபாயில் தொடங்கிய ஸ்டார்ட்அப் இந்தியா விதைநிதித் திட்டம், மாதிரிக்கும் சோதனைக்கும் 20 லட்சம் வரை மானியமாகவும், சந்தையில் இறங்க 50 லட்சம் வரை கடனாகவோ பங்காக மாற்றத்தக்க பத்திரமாகவோ தரும்படி வகுக்கப்பட்டது. தெரிவு செய்வது இன்குபேட்டர்தான். விண்ணப்பிக்கும் நாளில் திட்டம் திறந்திருக்கிறதா என்று மையத்திடமே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: நான் மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். செயலி செய்கிறவர்கள் இரண்டே ஆண்டில் பெரிய நிறுவனமாகிவிடுகிறார்கள். மின்சாரம் சார்ந்த நிறுவனங்கள் மட்டும் ஏன் இவ்வளவு காலம் இழுக்கின்றன? முதலீட்டாளர்களுக்கு அக்கறை இல்லையா?
வாசகர், திருநெல்வேலி

பதில்: அக்கறை இருந்து கை சுட்டுக்கொண்டவர்களும் உண்டு, ஐயா. அமெரிக்காவில் 2006 முதல் 2011 வரை துணிகர முதலீட்டாளர்கள் தூய எரிசக்தி நிறுவனங்களில் 2,500 கோடி டாலருக்கு மேல் போட்டுப் பாதிக்கு மேல் இழந்தார்கள் என்று 2016இல் அந்நாட்டின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் வெளியிட்ட ஓர் ஆய்வு காட்டியது. மென்பொருளுக்கென்று வகுத்த கால அளவை இரும்புக்கும் வேதியியலுக்கும் பொருத்தியதுதான் காரணம். செயலியில் பிழை வந்தால் இரவோடு இரவாகத் திருத்தலாம். மின்மாற்றியில் பிழை வந்தால் என்ன ஆகும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

நம் கண்முன் உள்ள உதாரணம் மின் ஸ்கூட்டர் செய்யும் ஏத்தர் எனர்ஜி. தருண் மேத்தா, ஸ்வப்னில் ஜெயின் என்ற சென்னை ஐ.ஐ.டி. முன்னாள் மாணவர்கள் இருவர் 2013இல் தொடங்கினார்கள். முதலில் மின்கலம் மட்டும் செய்ய எண்ணி, அதைப் பொருத்தத் தகுந்த வண்டி இல்லாததால் வண்டியையே செய்யத் துணிந்தார்கள். கல்வி நிலையத்தின் அரவணைப்பும் அரசுத் துறையின் சிறு நிதியும் முதலில் வந்தன. 2014இல் ஃபிளிப்கார்ட் நிறுவனர்கள் பணம் போட்டார்கள். 2015இல் டைகர் குளோபல் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம் வந்தது. 2016இல் ஹீரோ மோட்டோகார்ப் 205 கோடி ரூபாய் போட்டது. இவ்வளவுக்கும் பிறகு முதல் வண்டி வாடிக்கையாளர் கைக்குப் போனது 2018இல்தான். ஓசூரில் தொழிற்சாலை வளர்ந்து, 2025 மே மாதம் பங்குச்சந்தையில் பட்டியலான போதும் நிறுவனம் இலாபத்துக்கு வந்திருக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் பொறுத்திருந்த பணம் அது.

எல்லோருக்கும் அப்படிப்பட்ட பணம் அமைவதில்லை. மாதிரிக் கருவி தயாரான பிறகு, முதல் நூறு கருவிகள் விற்பதற்கு முன், ஒரு பள்ளம் இருக்கிறது. மானியம் அங்கே முடிந்துவிடுகிறது. வங்கி மூன்றாண்டு வரவு செலவுக் கணக்குக் கேட்கிறது. முதலீட்டாளர் விற்பனையைக் காட்டச் சொல்கிறார். நல்ல கருவிகள் பல அந்தப் பள்ளத்தில்தான் விழுந்து கிடக்கின்றன, அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. அரசுத் துறைகளும் மின்பகிர்மானக் கழகங்களும் ஒரு துணைமின் நிலையத்தையோ ஓர் ஊராட்சியையோ சோதனைக் களமாகக் கொடுத்து, அளந்து பார்த்து, நன்றாக இருந்தால் பத்துக் கருவிகளை விலை கொடுத்து வாங்கினால், அது இன்னொரு மானியத்தைவிடப் பெரிய உதவி. உங்களைப் போன்ற ஓய்வுபெற்ற பொறியாளர்கள் மாதம் இரண்டு நாள் ஓர் இன்குபேட்டரில் அமர்ந்து, பீடர் எனப்படும் மின்வழித்தடத்தில் உண்மையில் என்ன நடக்கும் என்று இளைஞர்களுக்குச் சொல்லித் தந்தாலே பல லட்சம் மிச்சமாகும். தயவுசெய்து போங்கள்.

கேள்வி: ஊரில் பதினைந்து பேர் சேர்ந்து, வண்டி மின்கலம் செய்யும் ஒரு நிறுவனத்தில் பணம் போட நினைக்கிறோம். ஏஞ்சல் வரி வருமா?
வாசகர், சிவகாசி

பதில்: வராது. நியாய மதிப்பைவிடக் கூடுதல் விலைக்குப் பங்கு விற்ற நிறுவனத்திடம் 2012 முதல் வசூலிக்கப்பட்ட அந்த வரியை 2024 ஜூலை நிதிநிலை அறிக்கை நீக்கிவிட்டது. பதினைந்து பெயர்களும் தனித்தனியாகப் பங்குப் பதிவேட்டில் ஏறாமல் ஒரே அமைப்பாகச் சேர்ந்து போடுவது அந்த நிறுவனத்துக்கு நல்லது; ஒவ்வொரு கையெழுத்துக்கும் பதினைந்து வீடு ஏறி இறங்க அவர்களால் முடியாது. 2022இல் மின் ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த பிறகு கடுமையாக்கப்பட்ட ஏ.ஐ.எஸ். 156 என்ற பாதுகாப்புச் சோதனையில் அவர்கள் மின்கலம் தேறியிருக்கிறதா என்பதைச் சான்றிதழைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

கேள்வி: நாங்கள் பன்னிரண்டு பெண்கள் உள்ள சுய உதவிக் குழு. சூரிய சக்தியில் ஓடும் சிறுதானிய அரவை இயந்திரம் வாங்க ஆசை. விற்கும் நிறுவனம் புதியது. வங்கி மேலாளர், இப்படி ஓர் இயந்திரத்துக்கு இதுவரை கடன் கொடுத்ததில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். இந்த ஸ்டார்ட்அப் திட்டங்களில் எங்களுக்கு ஏதாவது உண்டா?
வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: அம்மா, செய்கிறவர்களுக்குப் பணம் கொடுப்பதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், வாங்குகிறவர்களுக்குக் கடன் கிடைக்காவிட்டால் செய்கிறவர்களும் மூட வேண்டியதுதான். பெங்களூரின் செல்கோ நிறுவனம் 1995 முதல் நிலைத்து நிற்பதற்கு முக்கியக் காரணம், சூரிய விளக்கை விற்றதோடு நில்லாமல், கிராம வங்கி மேலாளர்களிடம் நடந்து நடந்து, வாடிக்கையாளரின் வரவுக்கேற்பத் தவணை அமைக்கச் செய்ததுதான். சென்னையின் வில்க்ரோ இன்குபேட்டரும் டெல்லியின் சி.இ.இ.டபிள்யூ. ஆய்வு நிறுவனமும் நடத்தும் பவரிங் லைவ்லிஹுட்ஸ் திட்டம் உங்களைப் போன்றவர்கள் பயன்படுத்தும் கருவிகளைச் செய்யும் நிறுவனங்களையே ஆதரிக்கிறது. அதில் இடம்பெற்ற ரேஷம் சூத்ரா, தொடையில் வைத்துப் பட்டுநூல் உருட்டித் தோல் புண்ணான பெண்களுக்குச் சூரிய சக்தியில் ஓடும் நூற்பு இயந்திரத்தைக் கொண்டு சேர்த்தது.

உங்கள் இயந்திரத்துக்குப் பொருத்தமானது பி.எம்.எஃப்.எம்.இ. எனப்படும் உணவு பதப்படுத்தும் குறுந்தொழில்களுக்கான திட்டம். அதில் கடனோடு இணைந்த 35 விழுக்காடு மானியம், அதிகபட்சம் 10 லட்சம் வரை உண்டு. புதிய விண்ணப்பங்கள் பெறப்படுகின்றனவா என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுவிட்டு, மறுமுறை வங்கிக்குப் போகும்போது விற்பனை நிறுவனத்தின் ஆளையும் கூடவே அழைத்துச் செல்லுங்கள். ஒரு மணி நேரத்தில் எத்தனை கிலோ அரைக்கும், வெயில் இல்லாத நாளில் எப்படி ஓடும், கிலோவுக்கு என்ன கூலி, பழுதானால் எத்தனை நாளில் ஆள் வருவார், தவணை கட்ட முடியாமல் போனால் இயந்திரத்தை எவ்வளவுக்குத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்பதையெல்லாம் அவர்கள் தங்கள் முத்திரையோடு ஒரே தாளில் எழுதித் தர வேண்டும். எழுதித் தர மறுக்கும் நிறுவனத்திடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.