மட்டக்கம்பைக் கத்தரியில் கட்டச் சொன்னது யார்?

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்து ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) பிட்டராக, அதாவது இயந்திரம் பொருத்திப் பழுதுபார்ப்பவராக, வேலை செய்கிறேன். அம்மா அதே தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். கையில் கத்தரியைக் கொடுத்த பிறகு கொழுந்தோடு தண்டும் முற்றிய இலையும் சேர்ந்து வருகிறது என்று நிறுவையில் கழிக்கிறார்கள். அதனால் கத்தரியின் கீழ் அலகுக்கு அடியில் ஸ்பிரிங் வைத்து ஒரு தகடு பொருத்தினேன். தகடு செடியின் மேல்மட்டத்தில் வழுக்கிக்கொண்டு போகும். கை கொஞ்சம் சாய்ந்தாலும் வெட்டு ஒரே உயரத்தில் விழும், கொழுந்து பின்னால் உள்ள தட்டில் சேரும். பறிப்பவர்கள் மட்டம் பார்க்கச் செடியின் மேல் கிடையாக வைக்கும் கம்பை மட்டக்கம்பு என்போம். "மட்டக்கம்பைக் கத்தரியிலேயே கட்டிவிடேன்" என்று முதலில் சொன்னது அம்மாதான். நான்கு மாதத்துக்கு முன் நான் படித்த பாடசாலையின் கண்காட்சியில் வைத்தேன். அதைப் படம் பிடித்த ஒருவர் பேஸ்புக்கில் வீடியோ போட்டிருக்கிறார். இப்போது கொழும்பு வியாபாரி ஒருவர் வரைபடம் அனுப்பச் சொல்கிறார். பேட்டன்ட் எடுக்க நானே நான்கு பக்கம் எழுதி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இது போதுமா?

பதில்: தம்பி, முதலில் ஒன்று. அந்த வியாபாரிக்கு வரைபடம் அனுப்ப வேண்டாம், வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோகூட வேண்டாம். விண்ணப்பம் கையளித்த பிறகு பேசலாம். அவர் இப்போதே பார்த்தாக வேண்டும் என்றால், இரகசியம் காப்பதாக எழுத்தில் கையொப்பம் வைக்கட்டும்.

உங்கள் நான்கு பக்கங்களையும் இரண்டு முறை வாசித்தேன். கருவி நல்ல கருவி. எழுதியிருக்கும் விதம்தான் உங்களைக் காப்பாற்றாது. ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஆக்கவுரிமை (பேட்டன்ட்) கிடைக்க மூன்று விடயம் வேண்டும். கண்டுபிடிப்பு புதியதாக இருக்க வேண்டும். அந்தத் தொழில் தெரிந்த ஒருவருக்குச் சட்டென்று தோன்றிவிடாததாக இருக்க வேண்டும். தொழிலில் பயன்படக்கூடியதாக இருக்க வேண்டும். விண்ணப்பத்தோடு விவரணம், உரிமைக்கோரல்கள், தேவையான வரைபடங்கள், ஒரு சுருக்கம் எல்லாம் போக வேண்டும். விவரணம் உலகத்துக்குக் கற்றுக்கொடுக்கும் பகுதி. உரிமைக்கோரல், எது உங்களுடையது என்று எல்லை குறிக்கும் உங்கள் வேலி. நீங்கள் விவரணத்தை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். வேலி போடவே இல்லை.

முதல் பக்கம் முழுவதும் கொழுந்து பறிக்கும் பெண்களின் கஷ்டம். வாசிக்கும்போது என் மனமும் கனத்தது, நானும் லயத்தில் பிறந்தவன்தான். ஆனாலும் அலுவலகத்தில் அதைப் பரிசோதிப்பவருக்கு அது பயன்படாது. அந்த இடத்தில் பிரச்சினையைத் தொழில்நுட்பப் பிரச்சினையாக எழுதுங்கள்: சாதாரணக் கைக்கத்தரியில் அலகின் உயரத்தைக் கையே தீர்மானிக்கிறது, சரிவில் நிற்பவரின் மணிக்கட்டு சாயும்போது அலகும் சாய்ந்து பறிமட்டத்துக்குக் கீழே இறங்குகிறது, அதனால் தண்டும் முற்றிய இலையும் வெட்டுப்படுகின்றன. மூன்று வரி போதும். "உலகிலேயே முதல் தடவையாக" என்ற வரியை அடித்துவிடுங்கள். அதற்குப் பதிலாக ஒரு காரியம் செய்யுங்கள். ஒரே மலையில், ஒரே காலையில், பக்கத்துப் பக்கத்து நிரைகளில் அம்மா சாதாரணக் கத்தரியால் ஒரு கூடையும் உங்கள் கத்தரியால் ஒரு கூடையும் வெட்டட்டும். இரண்டிலும் முற்றிய இலையையும் தண்டையும் பிரித்துத் தனித்தனியே நிறுங்கள். வேறு நாட்களிலும் அப்படியே செய்து, திகதியோடு கொப்பியில் குறித்து வையுங்கள். "மிகவும் சிறந்தது" என்று பத்துத் தடவை எழுதுவதை விட அந்தக் கிராம் கணக்கு பேசும்.

இரண்டாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் என்னைப் பதற வைத்தது. "மட்டக்கம்பு வைத்து மட்டம் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்ததே, அதைக் கத்தரியில் கட்டுவது யாருக்கும் தோன்றக்கூடிய சின்ன யோசனைதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். தன்னடக்கம் நல்ல குணம் தம்பி, ஆனால் இந்தத் தாளில் அது உங்கள் கழுத்துக்கே கயிறு. யாருக்கும் தோன்றக்கூடியது என்றால் ஆக்கவுரிமை கிடையாது. நாளைக்கு வழக்கு வந்தால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அந்த ஒரு வரியைத்தான் வாசிப்பார். மட்டக்கம்பைப் பற்றி மறைக்காமல் எழுதுங்கள்: பறிப்பவர்கள் செடியின் மேல் ஒரு கம்பைக் கிடையாக வைத்து மட்டம் பார்ப்பது பழைய வழக்கம். அதோடு நிறுத்துங்கள். பிறகு வித்தியாசத்தைச் சொல்லுங்கள்: கம்பு செடியின் மேல் சும்மா கிடப்பது, வெட்டோடு அதற்குத் தொடர்பில்லை. உங்கள் தகடோ கத்தரியோடு நகர்கிறது. கை சாயும்போது ஸ்பிரிங் அந்தச் சாய்வை வாங்கிக்கொள்கிறது, அலகு உயரத்தை விடுவதில்லை. உங்கள் கண்டுபிடிப்பின் உயிர் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

எழுதும் முன் தேடுங்கள். எஸ்பாசநெட், கூகுள் பேட்டன்ட்ஸ், பேட்டன்ட்ஸ்கோப் மூன்றும் பழைய ஆக்கவுரிமை ஆவணங்களைத் தேடும் இணையத்தளங்கள், மூன்றும் இலவசம். தேயிலை பறிக்கும் கருவிகளுக்கு உலக வகைப்பாட்டில் ஏ01டி 46/04 என்று ஓர் இடம் இருக்கிறது. அந்த எண்ணைப் போட்டால் ஜப்பானியக் கருவிகள் வரிசையாக வரும். பை கட்டிய கைக்கத்தரி அங்கே மிகப் பழையது. ஆகவே "கொழுந்து சேரும் தட்டு" உங்கள் புதுமை என்று கோர முடியாது. தலவாக்கலையிலேயே சென். கூம்ஸில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கத்தரிகளைப் பற்றி அவர்கள் வெளியிட்டவற்றையும் பாருங்கள்.

இனி உரிமைக்கோரல். நீங்கள் எழுதிய விவரணத்தின்படி கருவி "2 மி.மீ. கனமுள்ள அலுமினியத் தகடு, இரண்டு ஸ்பிரிங்குகளால் கீழ் அலகிலிருந்து 15 மி.மீ. கீழே பொருத்தப்பட்டது, பின்னால் பிளாஸ்டிக் தட்டு உடையது." இதையே உரிமைக்கோரலாக வைத்தால் போட்டிக்காரர் என்ன செய்வார்? அலுமினியத்துக்குப் பதிலாகத் தகரம் போடுவார். ஸ்பிரிங்குக்குப் பதிலாக இறப்பர் துண்டு வைப்பார். தட்டை எடுத்துவிட்டுப் பை கட்டுவார். உங்கள் யோசனை முழுவதும் அவர் கையில் இருக்கும், நீங்கள் வழக்குப் போட முடியாது. உரிமைக்கோரலில் நீங்கள் சேர்க்கும் ஒவ்வொரு சொல்லும் நகல் செய்பவர் வெளியேற ஒரு கதவு. அதற்காக எல்லாச் சொல்லையும் எடுத்துவிட்டால் பழைய கத்தரிகளில் போய் முட்டுவீர்கள். எது இல்லாவிட்டால் கருவி வேலை செய்யாதோ அதை மட்டும் வைக்க வேண்டும். நான் எழுதினால் முதலாவது கோரலை இப்படித் தொடங்குவேன்:

"1. இரு அலகுகளையும் கைபிடிகளையும் கொண்ட, தேயிலைக் கொழுந்து வெட்டும் கைக்கத்தரி ஒன்று; கீழ் அலகுக்கு அடியில், செடியின் பறிமட்டத்தின் மேல் தங்கி நகரும் மட்டத்தாங்கி ஒன்று, அலகுக்கும் தனக்கும் இடையே முன்கூட்டிக் குறித்த இடைவெளியை வெட்டும் நேரத்தில் பேணும் வகையில், மீள்தன்மையுள்ள இணைப்பு ஒன்றினால் சாயக்கூடியவாறு கத்தரியுடன் இணைக்கப்பட்டிருப்பது அதன் சிறப்பியல்பு."

நிறுத்தி நிறுத்தி வாசியுங்கள். "தகடு" என்று சொல்லவில்லை. கம்பி வலையோ சிறு உருளைகளோ அதே வேலையைச் செய்யும், அவையும் மட்டத்தாங்கிதான். "ஸ்பிரிங்" என்று சொல்லவில்லை, இறப்பரும் மீள்தன்மையுள்ளது. தட்டு இதில் இல்லவே இல்லை. அரைப்புள்ளிக்கு முன்னால் இருப்பது உலகம் அறிந்த பழைய கத்தரி, பின்னால் வருவதுதான் நீங்கள் சேர்த்தது.

இப்படி அகலமாகக் கோரினால் விவரணமும் அதே அகலத்தில் இருக்க வேண்டும். இறப்பரும் கம்பி வலையும் உருளையும் வைக்கலாம் என்று விவரணத்தில் எழுதி, ஒவ்வொன்றும் எப்படிப் பொருந்தும் என்று இரண்டு வரி சொல்லுங்கள். 15 மி.மீ. என்பதையும் அங்கே வையுங்கள், ஏன் அந்த அளவு என்ற காரணத்தோடும், எந்த அளவிலிருந்து எந்த அளவு வரை வேலை செய்தது என்ற வீச்சோடும். நீங்கள் அறிந்த மிகச் சிறந்த செய்முறையை ஒளிக்கக் கூடாது. ஸ்பிரிங்கை எங்கே வளைத்தால் தகடு செடியில் சிக்காது என்று உங்களுக்குத் தெரியும். அதை "தொழில் இரகசியம்" என்று விட்டுவிட்டால், இன்னொரு பிட்டர் உங்கள் தாளைப் பார்த்துச் செய்ய முடியாமல் போகும், உரிமையும் ஆட்டம் காணும். கையளித்த பிறகு திருத்தலாம், ஆனால் முதல் நாள் சொல்லாத புது விடயத்தை உள்ளே நுழைக்க முடியாது. இந்திய யூடியூப் வீடியோக்களில் சொல்லும் "தற்காலிக விவரணம்" (முதலில் சுருக்கமாகக் கையளித்துப் பிறகு முழுமையாக்குவது) அந்த நாட்டுச் சட்டத்தில் உள்ள வசதி. அதை நம்பி இங்கே அரைகுறையாக எழுதிக் கையளித்துவிடாதீர்கள்.

முதலாவது கோரலுக்குக் கீழே சார்புக் கோரல்கள், அதாவது முதலாவதை எடுத்துக்கொண்டு அதோடு ஒரு விவரத்தைச் சேர்ப்பவை: "2. 1ஆவது கோரலில் கூறிய கத்தரி. மீள்தன்மையுள்ள இணைப்பு ஒரு சோடி ஸ்பிரிங்குகளாக இருப்பது." "3. இடைவெளியை மாற்றியமைக்கத் திருகாணி ஒன்று உடையது." "4. வெட்டுப்பட்ட கொழுந்தை ஏற்கும் தட்டு உடையது." பழைய ஜப்பானிய ஆவணம் ஒன்று உங்கள் முதலாவது கோரலை உடைத்தாலும், மூன்றாவதில் போய் நிற்கலாம். திருகாணி உங்கள் மூன்றாவது பக்கத்தில் ஓர் ஓரத்தில் கிடக்கிறது. பருவத்துக்குப் பருவம் உயரத்தை மாற்ற முடிவது சின்ன விடயமா? அதை மேலே கொண்டு வாருங்கள்.

ஒரு உறுப்புக்கு ஒரே பெயர். முதலாம் பக்கத்தில் "தகடு", இரண்டாம் பக்கத்தில் "பிளேட்", நான்காம் பக்கத்தில் "சறுக்குப்பலகை" என்று எழுதியிருக்கிறீர்கள்; வாசிப்பவர் மூன்று உறுப்புகள் என்று நினைப்பார். வரைபடத்தில் ஒவ்வொன்றுக்கும் இலக்கம் இட்டு, விவரணத்தில் அதே பெயரோடு அதே இலக்கத்தை எழுதுங்கள். படம் கறுப்புக் கோட்டுப் படமாக இருக்கட்டும், போட்டோ வேண்டாம். பக்கத்தோற்றம் ஒன்றும், கை சாய்ந்த நிலையில் தகடு எப்படி நிற்கிறது என்று ஒன்றும் கட்டாயம் வேண்டும். சுருக்கத்தைக் கடைசியில் ஒரு பந்தியில் எழுதினால் போதும்.

வீடியோ பற்றி. நீங்களே கண்காட்சியில் வைத்ததால் வெளிவந்த விடயம் என்பதால், அந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் இங்கே விண்ணப்பித்தால் அது உங்கள் புதுமையைக் கெடுக்காது என்று நம் சட்டம் இடம் தருகிறது. உங்களுக்கு மிச்சம் எட்டு மாதம். முழுவதையும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இடையில் வேறொருவர் தானாகவே இதேபோல ஒன்றைச் செய்து வெளியிட்டால் இந்தச் சலுகை உதவாது. ஐரோப்பாவிலோ இந்தியாவிலோ இவ்வளவு தாராளமான சலுகை இல்லை. அந்தக் கதவுகள் பெரும்பாலும் மூடிவிட்டன என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். வீடியோ போட்ட திகதி தெரிய ஒரு ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள்.

தோட்டம் உரிமை கேட்குமா? கேட்கலாம். கண்டுபிடிப்பு உங்கள் வேலை ஒப்பந்தத்தில் இல்லைதான். ஆனாலும் தோட்டத்தின் தொழில் சார்ந்த ஒன்றை, தோட்டம் உங்கள் கையில் கொடுத்த வசதிகளைக் கொண்டு செய்திருந்தால், ஒப்பந்தத்தில் வேறு விதமாக இல்லாத பட்சத்தில் உரிமை தோட்டத்துக்குப் போகும், உங்களுக்கு நியாயமான ஊதியம் கேட்கும் உரிமை மட்டும் மிஞ்சும். வெல்டிங் எங்கே செய்தீர்கள்? ஸ்டோர் பட்டறையிலா, வெளியே கராஜிலா? தகடு கழிவுக் குவியலில் எடுத்ததா, காசு கொடுத்து வாங்கியதா? கடிதத்தில் இது இல்லை. பற்றுச்சீட்டு இருந்தால் கொண்டு வாருங்கள். பட்டறையில்தான் செய்தீர்கள் என்றால் அதையும் மறைக்காமல் என்னிடம் சொல்லுங்கள். தோட்டம் உரிமை கோராது என்று துரையிடம் (தோட்ட மனேஜரிடம்) எழுத்தில் ஒரு விடுவிப்பு வாங்க முடியுமா என்று பார்க்கலாம். கடைசியில் தெரிய வந்தால் அது கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றம் வரை இழுக்கும்.

இப்போது அம்மா. நீங்கள் எழுதிய நான்கு பக்கத்தில் அம்மா பெயர் எங்கும் இல்லை. கண்டுபிடிப்பாளர் என்ற இடத்தில் உங்கள் பெயர் மட்டும். தம்பி, மட்டக்கம்பைக் கத்தரியிலேயே கட்டச் சொன்னவர் அவர். ஸ்பிரிங் வைத்தது நீங்கள், கட்டிவிடும் யோசனை அவருடையது. நான் எழுதிய முதலாவது கோரலை இன்னொரு முறை பாருங்கள்: மட்டத்தாங்கி கத்தரியோடு இணைந்திருப்பது என்ற பாதி அவர் வாயிலிருந்து வந்தது. சும்மா கருவியைப் பிடித்துச் சோதித்தவர் என்றால் கண்டுபிடிப்பாளர் ஆக மாட்டார். கண்டுபிடிப்பின் கருவையே தந்தவர் ஆவார். இருவரும் கூட்டுக் கண்டுபிடிப்பாளர்கள், உரிமையும் இருவருக்கும் கூட்டாகச் சேரும். ஆக்கவுரிமை 20 வருடத்துக்கு நிற்கும், வருடாந்தக் கட்டணத்தைத் தவறாமல் கட்டினால். அத்தனை வருடமும் அந்தப் பத்திரத்தில் ஒரு கொழுந்து பறிக்கும் தாயின் பெயர் கண்டுபிடிப்பாளர் என்று இருக்கட்டும். எனக்கு இது சட்டத்துக்காக மட்டும் முக்கியமான விடயம் என்று நினைக்க வேண்டாம்.

விண்ணப்பம் கொழும்பில் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் கையளிக்கப்பட வேண்டும். அதற்கு முன் அம்மாவின் அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் தோட்டங்களில் பதிந்தவர் காதில் விழுந்தபடி எழுதியதால் ஒன்றில் ஒரு பெயரும் மற்றதில் வேறு எழுத்துமாக இருப்பது சாதாரணம். அப்படி இருந்தால் இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியக்கடதாசி ஒன்று முடிக்க வேண்டும். அதற்கு அம்மா நேரில் வர வேண்டும், அவருக்கு வேலை இல்லாத ஒரு நாளைப் பார்த்துச் சொல்லுங்கள். வரும்போது கத்தரியையும் ஒரு சாக்கில் சுற்றி எடுத்து வாருங்கள்.